பாய்லர் நிற்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஜனவரிக் காலை ஆறரை மணிக்கு, எங்கள் லண்டன் வீட்டைச் சூடாக்கும் காஸ் பாய்லர் நின்றது. சின்னத் திரையில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் மினுங்கின. ரீசெட் பட்டனை எத்தனை தரம் அழுத்தினாலும் அதே எழுத்து, அதே இலக்கம். மாமி கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குசினியில் நாலு அடுப்பையும் பற்றவைத்துவிட்டுப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். (செய்யவே கூடாத வேலை, பூட்டிய குசினியில் நச்சுக்காற்று சேரும். ஆனால் குளிரில் யார் கேட்கிறார்கள்.) பாய்லருக்கு வயது பதினைந்து. பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பாகம் வர ஒரு வாரமாகும், புதியது என்றால் நாளை மறுநாள் என்றார். 2,800 பவுண். வியாழக்கிழமை பின்னேரம் வீடு சூடாகிவிட்டது.

அந்த மூன்று நாளில், காஸுக்குப் பதில் மின்சாரத்தில் ஓடி வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் என்ற சொல் எங்கள் வாயில் ஒருதரம்கூட வரவில்லை. வந்திருந்தாலும் பலனில்லை. வீட்டை அளந்து, அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டு, மானியத்துக்கு விண்ணப்பித்து, ஆட்கள் வந்து பொருத்தி முடிக்க வாரக்கணக்காகும். சில இடங்களில் இரண்டு மூன்று மாதம்கூட. குளிரில் விறைத்துக்கொண்டு நிற்கிற குடும்பம் அவ்வளவு நாள் காத்திருக்காது. எனக்குத் தெரிந்து லண்டனில் காஸ் பாய்லருக்குப் பதில் காஸ் பாய்லரே வாங்கிய வீடுகள் எல்லாவற்றிலும் கதை இதுதான். அங்கே ஒப்பிட்டுப் பார்த்து யாரும் முடிவெடுக்கவில்லை. நேரம் இல்லாததால் முடிவு தானாக விழுந்தது.

அதற்கு நேர்மாறாக, தெற்கு லண்டனில் க்ரொய்டனில் இருக்கும் என் மச்சாள் அடுத்த கோடையில் ஹீட் பம்புக்கு மாறினாள். அவளுடைய பாய்லர் அப்போதும் ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏன் மாற்றினாய் என்று கேட்டபோது பருவநிலை, கரியமில வாயு என்றெல்லாம் அவள் ஆரம்பிக்கவில்லை. 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு வந்த காஸ் பில்லை இன்னும் லாச்சிக்குள் வைத்திருக்கிறாள். கூரையில் சோலார் ஏற்கெனவே இருந்தது. அரசு மானியமும் தருகிறது. இதெல்லாவற்றையும்விட, மூன்றாவது வீட்டுக்காரர் ஒன்று பொருத்தியிருந்தார். நாய் நடத்தப் போகும்போது அதன் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டாளாம், சத்தமே இல்லையாம். மாறுகிறவர்கள் சொல்லும் காரணங்களில் இந்தக் கடைசிக் காரணத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். விளம்பரத்தை நம்பாத நம் ஆட்கள் பக்கத்து வீட்டை நம்புவார்கள்.

இனி, எதையெதை ஒப்பிடுவது? வழிகள் பல என்று சொல்வார்கள். லண்டன் புறநகரில் மூன்று அறை வீட்டுக்காரருக்கு உண்மையில் இருப்பவை இரண்டே இரண்டு. மரத்தூள் உருண்டை எரிக்கும் பெல்லட் பாய்லருக்கு மூட்டை மூட்டையாக எரிபொருள் வைக்க ஒரு கொட்டில் வேண்டும். காஸ் குழாய் போகாத நாட்டுப்புறப் பண்ணை வீட்டுக்கு அது சரி. நிலத்தடி ஹீட் பம்ப் நல்ல சாமான்தான், ஆனால் குழாய் புதைக்கத் தோட்டம் முழுக்கக் கிண்ட வேண்டும், இல்லையென்றால் ஆழ்துளை போட வேண்டும். விலை காற்று ஹீட் பம்பின் இரண்டு மடங்குக்கு மேல் போகும். கூரையில் வெந்நீர்த் தகடு வைத்தால் ஜூலையில் குளிக்கலாம், ஜனவரியில் வீடு சூடாகாது. மிச்சம் நிற்பவை காஸ் பாய்லரும், வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் ஹீட் பம்பும்தான்.

ஹீட் பம்ப் என்பது திருப்பிப் போட்ட குளிர்சாதனப் பெட்டி. ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சுடுமல்லவா? உள்ளே இருக்கிற வெப்பத்தை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. இது வெளியே இருக்கிற வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளுகிறது. வெளியே பூச்சியம் பாகையாக இருந்தாலும் காற்றில் எடுக்க வெப்பம் உண்டு. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று யூனிட் சூடு கிடைக்கும். அதில் ஏறக்குறைய இரண்டு பங்கு காற்றிலிருந்து இலவசமாக வந்தது. புதுப்பிக்கத்தக்க சூடு என்று இதைச் சொல்வது அதனால்தான். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டுவிட்டதால், மீதி ஒரு பங்கு மின்சாரமும் முன்பைவிடச் சுத்தமாக வருகிறது.

ஒஸ்லோவில் என் சித்தப்பா வீட்டுச் சுவரில் இதன் ஒரு தம்பி, அறைக்குள் சூடான காற்றை ஊதும் வகை, இருபது வருடமாகத் தொங்குகிறது. அங்கே அதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. நோர்வேயில் ஏராளமான வீடுகளில் அது இருக்கிறது, நம்மூரில் மின்விசிறி இருப்பதுபோல. அது எப்படிப் பரவியது என்பதில் எங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. நோர்வேயின் மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க நீர்வீழ்ச்சியிலும் அணையிலும் பிறப்பது. 2002 இலையுதிர்காலம் வரண்டுபோக, நீர்த்தேக்கங்கள் இறங்கி, அந்தக் குளிர்காலத்து மின்கட்டணம் எகிறியது. 2003இல் அரசு வீடுகளுக்கு மானியம் அறிவித்தது, ஹீட் பம்புக்கும் உண்டு, பெல்லட் அடுப்புக்கும் உண்டு. சனம் ஹீட் பம்பைத்தான் அள்ளியது. பெல்லட் அடுப்பு அவ்வளவாக எடுபடவில்லை. இரண்டுக்கும் மானியம் இருந்தது, இரண்டும் புதுப்பிக்கத்தக்கவைதான். ஆனால் ஒன்றுக்கு ரிமோட்டை அழுத்தினால் போதும், மற்றதற்கு மூட்டை தூக்க வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும்.

சித்தப்பாவோடு தொலைபேசியில் இதைக் கதைத்தபோது, "ஒண்டு குடுத்தால் மூண்டு கிடைக்குது, இதில யோசிக்க என்ன கிடக்கு?" என்று கேட்டார். அவருக்கு யோசிக்க ஒன்றும் இல்லைதான். அவர் வீட்டில் ஹீட் பம்ப் தள்ளிவிட்டது சாதாரண மின் ஹீட்டரை, ஒன்று கொடுத்தால் ஒன்றே தருகிற சாமானை. காஸ் குழாய் அந்தத் தெருவிலேயே கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முக்கால்வாசி வீடுகள் காஸில் சூடாகின்றன, காஸோ மின்சாரத்தைவிட நாலு மடங்கு மலிவு. அதே இயந்திரம்தான், எதிராளி மட்டும் வேறு. இதைக் கவனிக்காமல் "நோர்வேயைப் பார், சுவீடனைப் பார்" என்று பேசுகிறவர்களோடு நான் இப்போது வாதாடுவதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 2025இன் கடைசிக் காலாண்டில், ஒழுங்குமுறை ஆணையம் விதிக்கும் விலை வரம்பின்படி, காஸ் யூனிட் 6.29 பென்ஸாகவும் மின்சாரம் 26.35 பென்ஸாகவும் இருந்தன. காஸ் இணைப்பு இருப்பதற்கென்றே நாளுக்கு 34 பென்ஸ், வருடத்துக்கு 124 பவுண். எங்கள் வீடுபோல ஒரு வீடு வருடம் 12,000 யூனிட் காஸ் எரிக்கிறது என்று வையுங்கள். 755 பவுணும் இணைப்புக் கட்டணமும் சேர்த்து 879. பாய்லரில் பதினைந்து சதவீதம் புகையோடு போகிறது என்றால், வீட்டுக்கு உண்மையில் கிடைத்த சூடு 10,200 யூனிட். அதே சூட்டை ஹீட் பம்ப் என்ன விலைக்குத் தரும் என்பது, ஒன்றுக்கு எத்தனை தருகிறது என்பதைப் பொறுத்தது. 2.8 தந்தால் 960 பவுண், காஸைவிட எண்பது பவுண் நட்டம். 3.5 தந்தால் 768. நாலு தந்தால் 672.

இந்த 2.8 நான் சும்மா எடுத்த எண் இல்லை. பிரிட்டிஷ் அரசு நிதியில் 742 வீடுகளில் ஹீட் பம்ப் பொருத்தி அளந்து பார்த்தார்கள். பழைய விக்டோரிய வீடு, புது வீடு, அடுக்குமாடி, எல்லா வகையும் அதில் இருந்தன. நடுத்தர அளவு 2.8 பக்கம் வந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு வித்தியாசம் பெரிது. இந்த வகை வீட்டுக்கு ஹீட் பம்ப் ஆகாது என்று ஒதுக்க எந்த வகையும் அகப்படவில்லை. பொருத்தியவரின் கைவண்ணம்தான் எண்ணை ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் எவ்வளவு குறைந்த சூட்டில் ஓடுகிறதோ அவ்வளவுக்கு இயந்திரத்துக்கு வேலை குறைவு. 55 பாகையில் ஓடவிட்டால் மூன்றுக்குக் கீழே இறங்கும். பெரிய ரேடியேட்டர் வைத்து 40இல் ஓடவிட்டால் நாலை எட்டிப் பிடிக்கும். மதிப்பீடு கொடுக்க வருகிறவர் நாடாவை எடுத்து ஒவ்வோர் அறையின் சுவரையும் ஜன்னலையும் அளக்காமல், வாசலில் நின்று "மூன்று அறையா, எட்டு கிலோவாட் போதும்" என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வாங்கும் விலையையும் வைத்துப் பார்ப்போம். காற்று ஹீட் பம்ப், தண்ணீர்த் தாங்கி, சில புது ரேடியேட்டர், கூலி எல்லாம் சேர்த்து 13,000 பவுண் அளவில் வரும். மதிப்புக்கூட்டு வரி 2027 மார்ச் வரை இல்லை. பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் என்ற அரசு மானியத் திட்டம் 2022இல் 5,000 பவுணோடு தொடங்கி, 2023 அக்டோபரில் 7,500 ஆனது. பொருத்துகிறவரே விண்ணப்பித்து அந்தத் தொகையைக் கழித்துத்தான் பில் தருவார், நாம் படிவத்தோடு அலைய வேண்டியதில்லை. மிச்சம் 5,500. பாய்லர் 2,800. வித்தியாசம் 2,700 பவுண். 3.5 தருகிற வீட்டில் வருடம் 110 பவுண் மிச்சம் என்றால் போட்ட காசைத் திரும்ப எடுக்க இருபத்துநாலு வருடம், அதற்குள் இயந்திரமே ஓய்ந்துவிடும். நாலு தருகிற வீடாக இருந்தால் பதின்மூன்று வருடம். இரவிலும் மத்தியானத்திலும் மலிவாக மின்சாரம் தருகிற கட்டணத் திட்டத்துக்கு மாறி, சராசரியை 18 பென்சுக்கு இறக்கினால் கதை வேறு. 3.5 தருகிற வீட்டிலும் வருடம் 350 பவுண் மிஞ்சும், எட்டு வருடத்துக்குள் காசு திரும்பும். மச்சாள் வீட்டில் சோலாரும் சேர்ந்ததால் அவளுக்கு இதைவிட நல்லது.

ஆக, பணம் ஒன்றை மட்டும் பார்த்து, சாதாரணக் கட்டணத்தில், சாதாரணமாகப் பொருத்திய ஹீட் பம்பை வாங்குகிறவர் ஏமாறுவார். இதை நேரே சொல்லாத விற்பனையாளரை நம்ப வேண்டாம்.

இந்தக் கணக்கில் நம் வீடுகளுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. அதன் பெயர் தோசைக்கல். ஹீட் பம்ப் பொருத்திவிட்டுச் சமையலுக்குக் காஸ் அடுப்பை வைத்துக்கொண்டால், அந்த 124 பவுண் இணைப்புக் கட்டணம் தொடரும். 768ஓடு 124ஐக் கூட்டுங்கள்: 892. பழைய காஸ் பில்லைவிடப் பதின்மூன்று பவுண் கூட! அடுப்பில் எரியும் காஸை இன்னும் சேர்க்கவே இல்லை. எனவே ஹீட் பம்ப் கேள்வி குசினியில்தான் முடிவாகிறது. மச்சாள் வீட்டில் பெரிய சண்டையும் அங்கேதான் நடந்தது. இண்டக்‌ஷன் அடுப்பில் இரும்புத் தோசைக்கல் அழகாகச் சூடேறும், காஸைவிட வேகமாகவே. அடி தட்டையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அலுமினியச் சட்டி வேலை செய்யாது. மண்சட்டி வேலை செய்யாது. ஊரிலிருந்து துணி சுற்றிக் கொண்டுவந்த அப்பத் தாச்சி குழிந்த அடி, அதுவும் வேலை செய்யாது. கத்தரிக்காயைத் தீயில் சுட முடியாது, அப்பளத்தைக் காட்ட முடியாது. அவர்கள் கடைசியில் தோட்டத்துக் கொட்டிலில் ஒரு சிறிய சிலிண்டர் அடுப்பு வைத்தார்கள், நண்டு காய்ச்சவும் அங்கேதான். வீட்டுக்குள் மணம் நிற்பதில்லை என்று இப்போது அதையே பெருமையாகச் சொல்கிறாள்.

பில்லில் தெரியாத வித்தியாசம் ஒன்று உண்டு: சூட்டின் சுபாவம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு வீட்டைச் சூடாக்கக் காசு கொடுப்பது என்பதே எத்தனை வருடமானாலும் மனது ஒப்பாத செலவு. காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம், மிச்ச நேரம் சால்வை. காஸ் பாய்லர் அதற்குச் சரியாக ஒத்துப்போகும். போட்ட பத்தாவது நிமிடம் ரேடியேட்டர் கொதிக்கும், துவாயைக் காயவைக்கலாம், முதுகைச் சாய்த்து நிற்கலாம். ஹீட் பம்ப் அப்படி ஓடாது. நாள் முழுக்க மெதுவாக ஓடி, வீட்டை 20 பாகையில் நிறுத்தி வைத்திருக்கும். ரேடியேட்டர் இளஞ்சூடாகத்தான் இருக்கும். மாமி மச்சாள் வீட்டுக்குப் போன முதல் நாள் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, "இது பழுது, ஆளைக் கூப்பிடு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து அவராகவே ஒரு கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். மாடிப்படி, குளியலறை, பின்னறை எல்லா இடமும் ஒரே சூடு. எங்கள் வீட்டில் வருடாவருடம் பின்னறை மூலையில் பூக்கும் கரும்பூஞ்சை அவள் வீட்டில் வரவில்லை. விட்டு விட்டுச் சூடாக்கி, உள்ளே துணி காயப்போட்டு, மூன்று நேரமும் சோறு அவிக்கிற வீட்டில் குளிர்ந்த சுவரில் ஈரம் படியத்தானே செய்யும்.

பகல் முழுக்க யாராவது வீட்டில் இருக்கிற குடும்பத்துக்கு இந்தச் சுபாவம் வரப்பிரசாதம். எல்லோரும் காலை ஏழுக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புகிற வீட்டில் அந்தச் சுகத்தை அனுபவிக்க ஆளில்லை.

வெந்நீர் விஷயத்தில் பாய்லர்தான் வெல்கிறது, சந்தேகமில்லை. தாங்கி இல்லாத கொம்பி பாய்லரில் குழாயைத் திறந்தால் முடிவில்லாமல் வெந்நீர் வரும். ஹீட் பம்புக்கு 200 லீட்டர் தாங்கி வேண்டும், அது காலியானால் மறுபடி நிரம்பிச் சூடாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மூத்தவளின் சாமத்தியவீட்டு நாள் காலை, கனடாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வந்த பதினொரு பேர் மச்சாள் வீட்டில் வரிசையில் நின்றார்கள். ஏழாவது ஆளாக நின்ற என் மனுசன் குளிர் தண்ணீரில் குளித்தார். ஆனால் அது வருடத்தில் ஒரு நாள். மற்ற நாட்களில் நாலு பேருக்கு 200 லீட்டர் தாராளம்.

சத்தம் பற்றிப் பயப்பட வேண்டாம். நல்ல இயந்திரம் பழைய ஃபிரிட்ஜ் அளவுக்குத்தான் முனகும், அதோடு சத்த அளவுக்குச் சட்டமே உண்டு. பக்கத்து எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற விதியை இங்கிலாந்தில் 2025 மே மாதம் எடுத்துவிட்டார்கள், ஒடுக்கமான ஓரப்பாதை வீடுகளுக்கு அது பெரிய உதவி. வாடகை வீட்டில் இருப்பவருக்கும், மேல்மாடி ஃபிளாட்டில் இருப்பவருக்கும் இந்தக் கட்டுரை அவ்வளவாக உதவாது. அவர்களுக்காக முடிவெடுப்பவர் வேறொருவர்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். பாய்லருக்கு வயது ஆறு ஏழுக்குள் என்றால் அதைக் கழற்றி எறிய வேண்டாம். பத்தைத் தாண்டியிருந்தால், பழுதாகும்வரை காத்திராமல், மே அல்லது ஜூனில் வீட்டை அளக்க ஆளைக் கூப்பிடுங்கள். மூன்று பேரிடம் மதிப்பீடு கேளுங்கள், எந்தச் சூட்டில் ஓடவிடப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், 45க்கு மேல் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். கூரையில் சோலார் இருக்கிறது, பகலில் வீட்டில் வயதானவர் இருக்கிறார், காஸ் அடுப்பை விட மனமும் இருக்கிறது என்றால் யோசிக்காமல் மாறலாம். இந்த மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் நல்ல பாய்லரே போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்தப் பக்கம் என்று தெரியாதவர்களுக்குக் காசில்லாத ஒரு பரிசோதனை இருக்கிறது. பாய்லரில் ரேடியேட்டர் படம் போட்ட திருகு ஒன்று இருக்கும். நல்ல குளிர் வாரத்தில் அதை 50 பாகைக்கு இறக்கிவிட்டு, ஹீட்டிங்கை நாள் முழுக்க ஓடவிடுங்கள். வீடு சூடாகவே இருந்தால், இருக்கிற ரேடியேட்டர்களே ஹீட் பம்புக்கும் ஏறக்குறையப் போதும். எந்த அறை குளிர்கிறதோ அந்த அறைக்குத்தான் பெரிய ரேடியேட்டர் வேண்டும். தாங்கி வைத்த பழைய வகைப் பாய்லர் உள்ளவர்கள் மட்டும் வெந்நீர் 60க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கிருமி வளரும்.

நாங்கள் போன மாதம் செய்து பார்த்தோம். பின்னறை ஒன்று மட்டும்தான் குளிர்ந்தது, பூஞ்சை பூக்கிற அதே அறை. அதற்கு இரட்டைத் தகட்டு ரேடியேட்டர் ஒன்று வாங்கியாயிற்று. எங்கள் பாய்லருக்கு இப்போதுதான் மூன்று வயது, அவசரமில்லை. இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றும் வாங்கி மாமியின் கையில் கொடுத்தாயிற்று, தோசை நன்றாகவே வருகிறது என்று அவரே ஒத்துக்கொண்டார். தாங்கி வைக்க வீட்டில் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது, மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரி. அதற்குள் இப்போது இரண்டு இருபது கிலோ அரிசி மூட்டையும், ஒடியல் மா டப்பாவும், கொழும்பிலிருந்து வந்த இடியப்ப உரலும் இருக்கின்றன. அவற்றை எங்கே வைப்பது என்று மாமியிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.